ஜீஸ் பெண்ட்: ஆற்று வளைவில் ஓர் ஊரும் அதன் குடும்ப நினைவுகளும்

வேம்படி:

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றி இங்கே அவ்வப்போது பேசியிருக்கிறோம். ஆனால் பேச்சு எப்போதும் பருத்தி, அடிமைமுறை, உள்நாட்டுப் போர் என்னும் பெரிய தலைப்புகளிலேயே நின்றுவிடுகிறது. ஒரே ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அங்குள்ள குடும்பங்கள் தம் முன்னோர் கதையை எவ்வாறு காத்து வந்திருக்கின்றன என்று நிதானமாகப் பார்க்கலாம் என எண்ணி இவ்விழையைத் தொடங்குகிறேன்.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலம், வில்காக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆறு சுற்றி வளைத்துச் செல்லும் ஒரு நிலத்துண்டில், மூன்று பக்கமும் நீர் சூழ அமைந்திருக்கிறது. 1949 முதல் அஞ்சல் துறைக்கு அது பாய்கின். ஊராருக்கு இன்றும் ஜீஸ் பெண்ட்தான். 1816-இல் வட கரோலினாவின் ஹாலிஃபாக்ஸ் மாவட்டத்திலிருந்து அடிமைகளுடன் வந்து பருத்திப் பண்ணை அமைத்த ஜோசப் ஜீ என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. 1845-இல் அவருடைய வாரிசுகள் 29,000 டாலர் கடனுக்கு ஈடாகப் பண்ணையையும் அதில் உழைத்த மனிதர்களையும் உறவினரான மார்க் பெட்வேயின் பெயருக்கு மாற்றினர். பெட்வே தம் குடும்பத்தோடும் தமக்குச் சொந்தமான ஏறத்தாழ நூறு அடிமைகளோடும் வட கரோலினாவிலிருந்து புறப்பட்டார். குடும்பத்தினர் வண்டிகளில் வந்தனர். சமையற்காரர் ஒருவரைத் தவிர மற்ற அடிமைகள் அனைவரும் அலபாமா வரை நடந்தே வந்தார்கள் என்பது அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. விடுதலைக்குப் பிறகும் பெரும்பாலோர் அங்கேயே குத்தகைக்காரர்களாகத் தங்கினர். 1895-இல் பெட்வே குடும்பம் நிலத்தை டஸ்கலூசா நகர வழக்கறிஞர் ஏட்ரியன் வான் டி கிராஃபுக்கு விற்றுவிட்டது. அதன்பின் நிலவுடைமையாளர் ஊரில் இருக்கவேயில்லை.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இவ்வூரின் நினைவு நிலைத்ததற்குக் காரணம் நிலம். 1940-களில் இம்மக்களில் பலருக்கு நிலம் சொந்தமானது. அதனால் அவர்கள் ஊரை விட்டுப் பெயரவில்லை. பெயராததால், தாத்தாவின் கதையைச் சொல்கையில் தாத்தா உழுத வயலையும் பேரனுக்குச் சுட்டிக்காட்ட முடிந்தது. தென்மாநிலங்களின் மற்றக் கறுப்பினச் சிற்றூர்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

கடைசி பெஞ்ச்:

ஒரு எளிய ஐயம், ஐயா. இவ்வூரைப் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பெட்வே, பெட்வே என்றே பெயர்கள் வருகின்றன. தம்மை விலைப்பொருளாக நடத்தியவரின் பெயரை விடுதலைக்குப் பிறகும் ஏன் சுமக்க வேண்டும்? மாற்றிக்கொள்ள யாரும் முயலவில்லையா?

ஆவணப்பித்தன்:

தம்பி, குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அனைவரும் மோதி நிற்கும் இடத்தையே தொட்டுவிட்டீர்கள். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும். அவர்களுடைய பெயர் இராது. தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை கணக்கெடுப்பில் பெயரோடு தோன்றுவது 1870-இல்தான். அதற்கு முன்னே செல்ல வேண்டுமானால் உரிமையாளரின் உயில், கடன் பத்திரம், வாரிசுகளுக்குப் பிரித்த சொத்துப் பட்டியல் ஆகியவற்றையே துழாவ வேண்டும். அங்கே மனிதர்கள் கலப்பைக்கும் கோவேறு கழுதைக்கும் நடுவே, விலை குறிக்கப்பட்டு நிற்பார்கள்.

எனவே உரிமையாளரின் பெயர் ஒரு வகையில் முகவரியாகவும் பயன்பட்டது. விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயோ தம்பியோ பின்னாளில் தேடி வந்தால், எந்தப் பண்ணையைச் சேர்ந்தவர் என்று கேட்டுத்தான் தேடுவார்கள். வேறு பெயர் சூடிக்கொண்டவர்கள் தென்மாநிலங்கள் எங்கும் இருந்தார்கள். ஜீஸ் பெண்டிலும் பெண்டால்ஃப், மிங்கோ, யங் முதலிய பெயர்கள் உண்டு. ஆயினும் பெட்வே என்ற பெயருக்கு இன்று அவ்வூரில் அந்த வெள்ளைக் குடும்பம் முதல் பொருளாக இல்லை. அந்தக் குடும்பம் 1895-இல் நிலத்தை விற்றுவிட்டது. பெயரைச் சுமந்தவர்கள் அங்கேயே வாழ்ந்து, அதைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

வேம்படி ஐயாவுக்கு ஒரு சொல். குடும்ப நினைவு அருமையானதுதான். ஆனால் அதை ஆவணத்துக்குச் சமமாக வைக்கும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. சமையற்காரர் மட்டும் வண்டியில் வந்தார் என்ற செய்தி அழகாக இருக்கிறது என்பதாலேயே அதை நான் இருமுறை பார்ப்பேன். இத்தகைய நுணுக்கங்கள் கதை சொல்பவரின் வாயில் வளரக்கூடியவை.

தையல்நாயகி:

கதை வளரலாம், பட்டியலில் பெயரே எழுதாமல் விட்டவர்களின் ஆவணம் குறைந்தும் போயிருக்கலாம் அல்லவா? எது பெரிய பிழை என்று நான் கேட்க மாட்டேன். நான் துணியைப் பற்றிப் பேசவே வந்தேன்.

இவ்வூர்ப் பெண்கள் தைத்த ஒட்டுப்போர்வைகள் உலகறிந்தவை. தொடக்கத்தில் அவை கலைப்பொருளாகத் தைக்கப்படவில்லை. மரக்கட்டைகளை அடுக்கி மண் பூசிய வீடுகளின் இடுக்குகளில் குளிர்காற்று புகுந்தது. அதைத் தடுக்கச் சுவர்களில் பழைய செய்தித்தாள்களை மாவுப் பசையால் ஒட்டினார்கள். கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல போர்வைகளைப் போர்த்தினார்கள். கிழிந்த வேலைச் சட்டை, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, உரமும் தீவனமும் வந்த சாக்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டித் தைத்தார்கள். பழுதான போர்வையைக்கூட வீணாக்காமல், கொளுத்திப் புகைமூட்டிக் கொசு விரட்டினார்கள். 1920-களுக்கு முற்பட்ட போர்வைகள் மிக அரிதாகவே கிடைப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

மிசௌரி பெட்வே 1942-இல் தைத்த போர்வையை இந்த இழையில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கணவர் நத்தானியேல் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய துணிகளை எடுத்து, அவர் நினைவாகத் தமக்கு ஒரு போர்வை தைத்துக்கொள்ளப் போவதாக அவர் மகளிடம் சொன்னார். அப்போது உடனிருந்து உதவிய அந்த மகள் ஆர்லோன்சியா, பிற்காலத்தில் தாமே பேர்பெற்ற தையற்கலைஞரானவர். அவர் வாய்மொழியாகவே நமக்கு இச்செய்தி கிடைத்தது. போர்வையைப் பார்த்தால் முழங்கால் இருந்த இடத்தில் நீலம் வெளுத்திருப்பதும், பை பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் பழைய அடர்நிறம் மீந்திருப்பதும் தெரியும். ஒருவர் எப்படிக் குனிந்தார், எங்கே மண்டியிட்டார் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ஆவணப்பித்தன் அண்ணா, இது உங்கள் கணக்கில் ஆவணமா, நினைவா?

ஆவணப்பித்தன்:

போர்வை ஆவணம், அது யாருடைய துணி என்பது நினைவு. இரண்டில் ஒன்று தொலைந்தாலும் மற்றது பாதியாகிவிடும். அவ்வளவு தூரம் உங்களோடு வருகிறேன்.

வேம்படி:

1932-ஐப் பற்றி எழுத வேண்டும். அவ்வூர் முதியவர்கள் பேசத் தொடங்கினால் வந்து சேரும் ஆண்டு அது.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பவுண்டுக்கு 35 சென்ட் வரை விற்ற பருத்தி, 1931-இல் 5, 6 சென்டுக்கு வீழ்ந்தது. ஜீஸ் பெண்ட் குடும்பங்கள் விதை, உரம், உணவு அனைத்தையும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டன் நகரத்து வணிகர் ஒருவரிடம் கடனாகப் பெற்று, அறுவடையில் கழிப்பது வழக்கம். நம் ஊரில் விதைப்புக்கு முன்னே கடன் கொடுத்துக் களத்திலேயே நெல்லை அளந்துகொண்டு போகும் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்குப் புத்தகம் கடன் கொடுத்தவரிடம் இருந்தது. வாங்கியவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1932-இல் அந்த வணிகர் இறந்தார். அவருடைய மனைவி நிலுவை முழுவதையும் உடனே திருப்பித் தர வேண்டும் என்றார்.

ஆட்கள் வந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளிலிருந்து கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, வண்டி, கலப்பை, குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என அனைத்தையும் அள்ளி ஆற்றைக் கடந்து கொண்டுபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் காட்டில் வேட்டையாடியும், கிடைத்த காய்கனிகளைத் தின்றும், செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவை வைத்துக்கொண்டும் மக்கள் உயிர் பிழைத்தார்கள். கேம்டனில் இருந்த ரென்விக் கென்னடி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர், வெள்ளையராக இருந்தும் இவ்வூரின் நிலையை இதழ்களில் எழுதினார். அவர் எழுத்தும் நிவாரண அலுவலர்களின் அறிக்கைகளும் வாஷிங்டனின் காதுக்கு எட்டின.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. கடன் கொடுத்தவர் தரப்பில் இந்நிகழ்வு ஒரு நிலுவை வசூல். சட்டத்தின் கண்ணில் குற்றமே இல்லை. ஊரார் தரப்பில் இது சூறை. எந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், எந்தக் கலப்பையை ஏற்றினார்கள் என்று அறுபது ஆண்டு கழித்தும் அவர்கள் பொருள் பொருளாகச் சொன்னார்கள். ரசீது தராதவர்களுக்கு நினைவுதான் ரசீது.

மொபைல் முருகு:

நான் அலபாமாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஜீஸ் பெண்டுக்கும் சென்று வந்திருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது; ஆனால் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு பிம்பத்தை இங்கேயும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உலகம் தொடாத தனித்தீவாக இவ்வூரை வர்ணிப்பது 1930-களில் வந்த வெளியூர் எழுத்தாளர்களிடம் தொடங்கிய பழக்கம். உலகச் சந்தையின் பருத்தி விலை விழுந்ததும் சோற்றுக்கு வழியற்றுப்போன ஊர் எப்படி உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஊராகும்? இங்கிருந்து ஆண்களும் பெண்களும் வேலை தேடி வெளியே போய்வந்தார்கள். சிலர் வடக்கே போய் அங்கேயே தங்கினார்கள்.

உண்மையான துண்டிப்பு ஒன்று நடந்தது. அது திட்டமிட்டு நடந்தது. ஆற்றைக் கடந்தால் கேம்டன் கண்ணுக்கெட்டும் தொலைவு. மருத்துவம், கடை, நீதிமன்றம், வாக்காளர் பதிவு அலுவலகம் எல்லாம் அங்கேதான். 1960-களின் தொடக்கத்தில் ஜீஸ் பெண்ட் மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றார்கள். மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவராக இருந்த வில்காக்ஸ் மாவட்டத்தில், அப்போது வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. 1962-இல் படகுத்துறை மூடப்பட்டது. அதன்பின் கேம்டனுக்குப் போக ஏறத்தாழ 40 மைல் சுற்றுவழி. கார் இல்லாதவருக்கு அது இல்லாத வழி. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்து பேசினார். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானது. படகு திரும்பி வந்தது 2006-இல்.

நாற்பத்து நான்கு ஆண்டுகள். நான் அந்தச் சுற்றுவழியில் கார் ஓட்டிப் பார்த்தேன். போகப் போக மரங்களும் மேய்ச்சல் நிலமுமாக நீள்கிறது, நடுவே பெட்ரோல் நிலையம்கூட அரிது. அவசர நோயாளியை ஏற்றிக்கொண்டு அவ்வழியில் போகிறவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

கரிசல் மண்:

நான் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். வேம்படி ஐயா நிலத்தைப் பற்றிச் சொன்னதை விரிவுபடுத்த விரும்புகிறேன். 1932-க்குப் பிறகு கூட்டாட்சி அரசு முதலில் நிவாரணம் கொடுத்தது. பின்னர் வான் டி கிராஃப் குடும்பத்திடமிருந்து ஏறத்தாழ 10,000 ஏக்கரை வாங்கி, 1937 முதல் கூட்டுறவுப் பண்ணைத் திட்டமாக நடத்தியது. பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கடை, பருத்தி அரவை ஆலை, மாவு ஆலை ஆகியவை வந்தன. சுமார் நூறு புதிய மரவீடுகள் கட்டப்பட்டன. இன்றும் ஊரார் அவற்றை ரூஸ்வெல்ட் வீடுகள் என்றே அழைக்கிறார்கள். 1940-களில் நீண்டகாலக் கடனில் வீட்டையும் நிலத்தையும் குடும்பங்களுக்கே விற்றார்கள்.

அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நியூ டீல் என்னும் பொருளாதார மீட்புத் திட்டங்கள் பலவற்றில், நிலவுடைமையாளருக்குக் கிடைத்த உதவி குத்தகைக்காரரை அடையவில்லை. பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்ததும் குத்தகைக்காரரையே வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்டில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. அதன் பலன் இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டது. வாக்காளராகப் பதிவுசெய்யச் சென்ற குத்தகைக் குடும்பங்களை வில்காக்ஸ் மாவட்டத்தின் வேறு பகுதிகளில் நிலத்தை விட்டே துரத்தினார்கள். ஜீஸ் பெண்டுக்காரரை அவ்வாறு துரத்த முடியவில்லை, ஏனெனில் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. படகை நிறுத்தத்தான் முடிந்தது.

ஆனால் நிலம் கிடைத்தது என்பதோடு கதையை முடித்துவிடக் கூடாது. 1960-களின் பிற்பகுதியில் மில்லர்ஸ் ஃபெரி அணை கட்டப்பட்டபோது ஆற்றங்கரையின் வளமான தாழ்நிலம் பெருமளவு நீரில் மூழ்கியது. பருத்தி நன்றாக விளைந்த நிலமே போயிற்று. முன்னோர் உழுத வயலைப் பேரனுக்குச் சுட்டிக்காட்ட முடிந்தது என்றீர்கள் ஐயா. பல குடும்பங்களுக்கு அந்த வயல் இன்று நீருக்கடியில் இருக்கிறது.

வேம்படி:

சரியாகச் சொன்னீர்கள். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் பெயர்ந்தார்கள். ஜீஸ் பெண்டும் அதற்கு விலக்கன்று. போனவர்கள் பலரும் திரும்பிவந்து பார்க்க அங்கே ஒரு வீடு இருந்தது என்பதே நான் சொல்ல வந்த வேறுபாடு.

கடைசி பெஞ்ச்:

புகைப்படங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே? இணையத்தில் ஜீஸ் பெண்ட் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது, மரவீட்டின் ஜன்னலில் நிற்கும் ஒரு சிறுமியின் கறுப்பு வெள்ளைப் படம். ஜன்னல் கதவில் ஒட்டிய செய்தித்தாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் விளம்பரப் படம் தெரிகிறது. அது இயல்பாக அமைந்ததா, அமைக்கப்பட்டதா?

ஆவணப்பித்தன்:

எடுத்தவர் ஆர்தர் ராத்ஸ்டீன், ஆண்டு 1937, அப்போது அவருக்கு வயது 21. அவரை அனுப்பியது மீள்குடியேற்ற நிர்வாகம், அதாவது ஜீஸ் பெண்ட் திட்டத்தை நடத்திய அதே அரசு அமைப்பு. படங்கள் அவ்வாண்டே நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழிலும் வெளியாயின. திட்டத்துக்கு முந்தைய நிலை எப்படி இருந்தது என்று நாட்டுக்குக் காட்டுவது அவர் வேலையின் ஒரு பகுதி. 1939-இல் மரியன் போஸ்ட் வோல்காட் வந்து புதிய வீடுகளையும் பள்ளியையும் படமெடுத்தார். அது பிந்தைய நிலை. சுவரில் செய்தித்தாள் ஒட்டியதற்குக் காரணம் குளிர் என்று தையல்நாயகி அம்மா முன்பே எழுதிவிட்டார். அந்த விளம்பரத்தையும் அந்தச் சிறுமியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தது ராத்ஸ்டீனின் கண். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மனுவோடு இணைத்த படம் என்பதை மறக்கக் கூடாது.

நான் குடும்ப நினைவை மட்டும் சந்தேகிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் படத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 1930-களின் பிற்பகுதியில் முன்னாள் அடிமைகள் 2,300-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழியை அரசு ஊழியர்கள் எழுதிப் பதிவுசெய்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பதில் சொன்னவர்களில் பலர் உள்ளூர் வெள்ளையரை அண்டிப் பிழைத்தவர்கள். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வகையில், 1941-இல் ராபர்ட் சோன்கின் ஜீஸ் பெண்டில் பதிவுசெய்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்த ஒலித்தட்டுகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. பாடுகிறவர்கள் வந்தவருக்காக மட்டும் பாடவில்லை. தங்கள் தேவாலயத்தில் வாரந்தோறும் பாடுவதைப் பாடுகிறார்கள்.

தையல்நாயகி:

ஆர்லோன்சியா பெட்வேயின் பூட்டி டைனா மில்லரின் செய்தியையும் சேர்க்க வேண்டும். அவர் 1859-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டார் என்பது அக்குடும்பத்தின் நினைவு. அமெரிக்கச் சட்டம் 1808 முதல் அடிமை இறக்குமதியைத் தடைசெய்திருந்தது. ஆகவே சட்டத்தை மட்டும் படித்தவர்களுக்கு இது முதியவர்கள் ஆண்டைக் குழப்பிச் சொன்ன கதையாகத் தோன்றும்.

ஆவணப்பித்தன்:

இங்கே நினைவு வென்ற இடத்தை நானே எழுதிவிடுகிறேன். 1860 ஜூலையில் க்ளோடில்டா என்ற கப்பல் ஏறத்தாழ 110 ஆப்பிரிக்கர்களை மொபைல் விரிகுடாவுக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது. பணம் போட்டவர் திமதி மேஹர். மாலுமித் தலைவர் வில்லியம் ஃபாஸ்டர். குற்றத்தை மறைக்க அவர்கள் கப்பலையே கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். அந்தச் சிதைவு அடையாளம் காணப்பட்டது 2019-இல். வந்தவர்களில் ஒரு பகுதியினர் மொபைல் அருகே ஆப்பிரிக்காடவுன் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். மற்றவர்கள் அலபாமாவின் உள்மாவட்டங்களுக்கு விற்கப்பட்டார்கள். ஆய்வாளர் ஹன்னா டர்கின் அவர்களைத் தேடிச் சென்று, 1940 வரை வாழ்ந்த மடில்டா மெக்ரியர் என்பவரை அடையாளம் கண்டார். ஜீஸ் பெண்டின் டைனாவையும் அந்தக் கப்பலோடு இணைக்கிறார். ஓராண்டு வேறுபாட்டை நான் பொருட்படுத்த மாட்டேன். நாட்காட்டி இல்லாத பெண் ஒருவர் சொல்லி, தலைமுறைகள் கடந்து கொள்ளுப்பேத்தி வரை வந்த செய்தியில் ஓராண்டுதான் விலகல் என்றால் அது வியப்பு. ஆயினும் இந்த ஒரு சான்றை வைத்து எல்லாக் குடும்பக் கதைகளையும் ஏற்றுக்கொள்ளும்படி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

மொபைல் முருகு:

கேட்க மாட்டோம். ஆனால் கொளுத்தப்பட்ட கப்பலுக்குச் சுங்கப் பதிவேடு எங்கிருந்து வரும்? சட்டவிரோதமாக நடந்தவற்றுக்கு ஆவணம் இல்லாமல் இருப்பதே இயல்பு என்பதையும் உங்கள் தராசில் ஒரு படிக்கல்லாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரிசல் மண்:

போர்வைகள் விலைக்குப் போன கதையையும் யாராவது எழுதுங்கள். அதில் ஊராருக்கு என்ன கிடைத்தது என்பதே எனக்குக் கேள்வி.

தையல்நாயகி:

எழுதுகிறேன். 1965 இறுதியில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற எபிஸ்கோபல் பாதிரியார் இப்பகுதியில் கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டார். 1966-இல் ஜீஸ் பெண்டிலும் அண்டை ஊர்களிலும் உள்ள பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் நெடுங்காலம் அதன் மேலாளராக இருந்தார். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. பெரிய கடைகள் கேட்டு வாங்கின. வாக்குரிமை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அக்கூட்டுறவு தான் வாங்கிய நிலத்தில் இடம் கொடுத்தது என்பது கரிசல் மண் ஐயாவின் கேள்விக்கு ஒரு பகுதி விடை.

1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. அங்காடிக்கு நூறு உறையும் ஒரே அளவாக, ஒரே தையலாக வேண்டும். ஊர்ப் பெண்களின் கை அதற்குப் பழகியதன்று. கூரைமுகடு, செங்கல் அடுக்கு என்ற பொதுவான அமைப்புகளை வைத்துக்கொண்டு, இருக்கும் துணிக்கு ஏற்ப நடுவில் திசைமாற்றிச் செல்வதே அவர்கள் வழக்கம். ஆனால் மீந்த கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்கு வந்ததும் தங்கள் விருப்பப்படி தைத்தார்கள். பொன்மஞ்சளும் ஆலிவ் பச்சையும் ஆரஞ்சுமாக, அந்த 1970-களின் போர்வைகள் இன்று மிகவும் கொண்டாடப்படுகின்றன.

1990-களின் பிற்பகுதியில் வில்லியம் ஆர்னட் என்ற சேகரிப்பாளர் வந்தார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சி நடந்தது. 2006-இல் பத்துப் போர்வைகள் அஞ்சல்தலையாயின. 2015-இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் தேசியப் பாரம்பரியக் கலை விருது கிடைத்தது. பணம் நியாயமாகப் பங்கிடப்பட்டதா என்ற கேள்வி 2007-இல் நீதிமன்றம் வரை சென்று அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. போர்வைகளை விலைக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். வடிவமைப்பை விரிப்புக்கும் கோப்பைக்கும் உரிமம் கொடுக்கும்போது அந்த உரிமை யாருடையது என்பது அத்தனை எளிதாகத் தீரவில்லை.

கிளைச்செய்தி ஒன்று: நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்களும் பழந்துணியில் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றித் தைத்து, நான்கு மூலையிலும் மடித்த சிறு துணிப்பூவை வைக்கிறார்கள். ஒற்றுமையைக் கண்டு சிலர் உடனே ஆப்பிரிக்க வேரைத் தேடுகிறார்கள். வறுமையும் குளிரும் பழந்துணியும் இருக்கும் இடமெல்லாம் பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதால், அந்த முடிவுக்கு நான் விரைய மாட்டேன்.

கடைசி பெஞ்ச்:

இன்று அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தக் கதைகளை அடுத்த தலைமுறை கேட்கிறதா?

மொபைல் முருகு:

2010 கணக்கெடுப்பில் முந்நூறு பேருக்கும் குறைவு. 1930-களில் இருந்ததில் பாதிகூட இல்லை. நான் போனபோது என்னோடு பேசிய முதியவர் ஒருவர் பேரப்பிள்ளைகள் எந்தெந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். ஊரில் இருந்தவர்கள் சிலரே. படகு 2019 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. அமெரிக்காவில் அவ்வாறு ஓடிய முதல் பயணிகள் கார்ப்படகு அதுதான் என்பதில் ஊராருக்குப் பெருமை உண்டு. கதையைக் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது என்னைப் போன்ற வெளியூராரே. இது நல்லதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே கதையை வந்தவர்களிடமெல்லாம் சொல்லும்போது அது கெட்டிப்பட்டுவிடுகிறது. ஆவணப்பித்தன் அஞ்சுவது அதைத்தான் என்றால், அந்த அச்சம் எனக்கும் உண்டு.

வேம்படி:

கெட்டிப்பட்ட கதைக்கு மருந்து, அதே குடும்பத்தில் அதை வேறுவிதமாகச் சொல்லும் இன்னொருவரைத் தேடுவது. வடக்கே போனவர்களின் பிள்ளைகளிடம் வேறு பாடம் இருக்கும். மிசௌரி பெட்வேயின் போர்வையைப் பற்றி நமக்கு ஒரு மகளின் சொல் இருக்கிறது; 1932 சூறையைப் பற்றிப் பலரின் சொல் இருக்கிறது; இரண்டையும் ஒரே எடையில் வைக்க நானும் சொல்லவில்லை.

ஆவணப்பித்தன்:

அதற்கு ஒரு நடைமுறை வழி. அமெரிக்கக் கணக்கெடுப்பின் தனிநபர்ப் படிவங்களை 72 ஆண்டு கழித்தே பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1940-க்குரியது 2012-இலும், 1950-க்குரியது 2022 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்து, வில்காக்ஸ் மாவட்டத்தின் ஒரே வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் கைமாறியது அந்தப் பத்தாண்டில்தான். யார் நீடித்தார்கள், யார் பட்டியலிலிருந்து மறைந்தார்கள் என்பது தெரியும். மறைந்தவர்களைத் தேட அதே 1950-இன் சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து படிவங்களில் பெட்வே என்று தேடலாம். 1890-க்குரிய படிவங்களைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி 1921-இல் நேர்ந்த தீ விபத்தால் அழிந்தன. கடைசி பெஞ்ச் தம்பிக்கு நேரமிருந்தால் ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துத் தொடங்கட்டும். நான் 1870-இலிருந்து கீழே வருகிறேன், அவர் 1950-இலிருந்து மேலே வரட்டும்.

கடைசி பெஞ்ச்:

மிங்கோ குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன், அண்ணா. பெட்வேக்கள் எண்ணிக்கையில் என்னை மூழ்கடித்துவிடுவார்கள்.